மாடலிங் போட்டியாளர்களை நேர்காணல் செய்வது எப்படி? சேலம், ஏற்காடு அமைப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாடலிங் போட்டி நடத்த முன்வருகிறவர்கள் மேடைக்கும் விளக்குக்கும் இசைக்கும் ஆடைக்கும் மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். நேர்காணலை மட்டும் முந்தின நாள் இரவில் யோசிக்கிறார்கள். நடுவர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்பதும், இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர் முன்னே போவதும், தறியும் வெள்ளிப் பட்டறையும் பார்த்து வளர்ந்த பிள்ளை நாக்கு ஒட்டிக்கொண்டு வெளியே வருவதும் அதனால்தான் நடக்கின்றன. சேலத்தில் கல்லூரி விழாக்களுக்கும் ஜவுளி விளம்பரத் தேர்வுகளுக்கும், ஏற்காட்டில் கோடைக்கால நிகழ்ச்சிகளுக்கும் நேர்காணல் குழுவில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். போட்டியாளர் நன்றாகப் பேசுவாரா மாட்டாரா என்பதில் பாதி, அவர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே நம் பக்கத்தில் முடிவாகிவிடுகிறது என்பதே நான் கண்டது. அந்தப் பாதியை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: வெற்றி பெறுபவர் செய்யப்போகும் வேலையை எழுதிவையுங்கள்

கேள்வித்தாளைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில், இந்தப் போட்டியில் வென்றவர் அடுத்த ஒரு வருடம் என்ன செய்யப் போகிறார் என்று நான்கு வரி எழுதுங்கள். சேலத்தை அடுத்த நெசவு ஊரான இளம்பிள்ளையின் புடவைகளுக்கான கேட்லாக் ஷூட்டுக்கு ஆள் தேடுகிறீர்கள் என்றால், ஒரே நாளில் பத்து இருபது புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு, கடைசிப் புடவைக்கும் முதல் புடவைக்குக் காட்டிய முகத்தையே காட்டக்கூடிய பொறுமை வேண்டும். கொலுசு விற்கும் கடைக்கு முகமாக இருக்கப்போகிறவர் வாடிக்கையாளர் கூட்டத்தின் நடுவே நின்று இயல்பாகப் பேச வேண்டும். கல்லூரி விழாவுக்கான போட்டி என்றால் மேடைத் துணிவே போதுமானது.

இந்த நான்கு வரி இல்லாமல் நேர்காணலில் உட்கார்ந்தால், ஒவ்வொரு நடுவரும் தம் மனத்தில் இருக்கும் வேறு வேறு வேலைக்கு ஆள் தேடுவார். ஒருவர் சினிமா நாயகியைத் தேடுவார், இன்னொருவர் தம் வீட்டுக்கு மருமகளைத் தேடுவதுபோலக் கேட்பார். முகத்தைப் பார்த்து ஆள் எடுப்பது சேலத்துக்குப் புதிதல்ல. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த இடத்தின் அடையாளம். ஒரு பாத்திரத்துக்கு ஆள் தேடுகிறவருக்குக் கையில் கதை இருக்கும். நம் கையில் அந்த நான்கு வரிதான் இருக்கிறது.

இரண்டாம் படி: விண்ணப்பப் படிவம்

நல்ல கேள்விகள் பெரும்பாலும் விண்ணப்பத்திலிருந்தே கிடைக்கின்றன. பெயர், வயது, உயரம், படிப்பு என்று நிறுத்திவிடாமல், "உங்கள் வீட்டில் என்ன தொழில் நடக்கிறது, அதில் உங்கள் பங்கு என்ன?", "யாரும் சொல்லித்தராமல் நீங்களாகக் கற்றுக்கொண்ட ஒன்று எது?", "எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள்?" ஆகிய மூன்றையும் சேருங்கள். மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தமிழ் என்று எழுதியவரிடம் தமிழிலேயே பேசுவோம், அதற்காக மதிப்பெண் குறையாது என்று படிவத்திலேயே அச்சிட்டுவிட்டால், ஆத்தூரிலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வருகிற பலருக்கு முதல் பயம் அங்கேயே விலகிவிடும்.

சாதி, மதம், திருமணம் ஆனதா என்பவை படிவத்தில் இருக்கவே கூடாது. உலகப் போட்டிகளே இதில் மாறிவிட்டன: மிஸ் யுனிவர்ஸ் போட்டி 2023 முதல் திருமணமானவர்களையும் தாய்மார்களையும் ஏற்றுக்கொண்டது, 2024 முதல் வயது உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைத் தப்பாகக் கூப்பிட்டுத் தொடங்கிய நேர்காணல் நேராவதற்கு இரண்டு நிமிடம் வீணாகும்.

வயதுச் சான்றின் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி என்றால், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு புகைப்படம்கூட எடுக்கக் கூடாது. பெற்றோர் அறைக்குள்ளேயே, பிள்ளையின் கண் பார்வையில் படாதபடி பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது என்பதையும், குழந்தைகள் உதவி எண் 1098 என்பதையும் குழுவில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

நேர்காணலை லாட்ஜ் அறையில் நடத்தாதீர்கள். எவ்வளவு பெரிய ஓட்டலாக இருந்தாலும், கட்டில் போட்ட அறையில் ஒரு போட்டியாளரைத் தனியே கூப்பிட்டு உட்காரவைப்பது தவறு. கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், திருமண மண்டபத்தின் உணவுக்கூடம், நூலக அறை என்று எது கிடைத்தாலும், கதவு திறந்திருக்கட்டும்; உடன் வந்தவர்கள் உள்ளே நடப்பதைக் கேட்க முடியாத, ஆனால் பார்க்க முடிகிற தூரத்தில் உட்காரட்டும். குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கட்டும்.

போட்டி ஏற்காட்டில் நடப்பதாக இருந்தால், நேர்காணலைச் சேலத்தில் முதல் நாளே முடித்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு வந்து இறங்குகிறவருக்கு வயிறு புரட்டும், காது அடைக்கும், வெயிலில் புறப்பட்ட மெல்லிய ஆடையில் கை விறைக்கும். மே மாதக் கோடை விழா சமயத்தில் மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால், பத்து மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டுக்குத்தான் வந்து சேருவார். அங்கேயேதான் நடத்தியாக வேண்டும் என்றால், வந்து சேர்ந்த பிறகு ஒரு மணி நேரம் ஓய்வும் சூடான காபியும் கொடுத்துவிட்டுத்தான் முதல் ஆளைக் கூப்பிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் நான் பொறுப்பேற்று நடத்திய ஒரு நேர்காணல், காலையில் தாமதமாகத் தொடங்கி மாலை வரை இழுத்துக்கொண்டு போனது. சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண்ணின் முறை ஐந்து மணிக்குப் பிறகு வந்தது. அவர் எந்தக் கேள்விக்கும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசவில்லை, கண் முழுக்க ஜன்னல் பக்கமே இருந்தது. "கவனமில்லை" என்று மூன்று நடுவர்களும் எழுதினோம். அவர் போன பிறகுதான், வெளியே மூடுபனி இறங்கியிருப்பதும், அவருடைய ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து புறப்படும் நேரம் அதுதான் என்பதும், துணைக்கு வந்த அவர் அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றுகொண்டிருந்ததும் எனக்குத் தெரியவந்தது. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து, விண்ணப்பத்தில் "திரும்பிப் போக உங்களுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?" என்ற வரியைச் சேர்த்துவிட்டேன். தொலைவிலிருந்து வருகிறவர்களை முதலில் பேசவைத்து அனுப்பிவிடுகிறேன். மீதமுள்ளவர்களின் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறேன்.

நேரக் கணக்கு எளிது. ஒருவருக்கு ஏழு நிமிடம் பேச்சு, மூன்று நிமிடம் மதிப்பெண் எழுத என்று பத்து நிமிடம் ஒதுக்கினால், இருபத்து நான்கு பேரை நான்கு மணி நேரத்தில் பார்க்கலாம். ஆறு பேருக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவேளை விட்டால் நாலரை மணி நேரம் ஆகும். அதற்கு மேல் ஆள் வந்தால் நாளைக் கூட்டுங்கள், நிமிடத்தைக் குறைக்காதீர்கள். முப்பதாவது ஆளைக் கேட்கும் நடுவரின் காதில் எதுவும் ஏறாது.

நான்காம் படி: குழுவைத் தயார் செய்தல்

மூன்று பேர் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒருவர் மாடலிங் தொழிலை உள்ளிருந்து அறிந்தவராக இருக்கட்டும்: புகைப்படக் கலைஞர், ராம்ப் எனப்படும் மேடை நடைக்கான பயிற்சியாளர், ஆடை வடிவமைப்பாளர் யாராவது. இன்னொருவர் இளைஞர்களோடு பேசிப் பழகிய ஆசிரியராகவோ மனநல ஆலோசகராகவோ இருந்தால் நல்லது. மூன்றாமவர் உங்கள் நான்கு வரி வேலையைத் தரப்போகிறவரின் தேவையை அறிந்தவர். பணம் கொடுக்கும் ஸ்பான்சர் நடுவர் நாற்காலியில் உட்காருவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. போட்டியாளர்களில் உறவினரோ மாணவரோ இருந்தால் அந்த நடுவர் அந்த ஒருவருக்கு மட்டும் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

நேர்காணலுக்கு முந்தின நாள் குழுவை ஒரு மணி நேரம் கூட்டி, எவற்றைக் கேட்கக் கூடாது என்பதைத் தயக்கமில்லாமல் பேசிவிடுங்கள். உடல் எடை, நிறம், காதல், கல்யாணம், "வீட்டில் எப்படி விட்டார்கள்?" என்ற விசாரணை ஆகிய எல்லாமே அந்தப் பட்டியலில் வரும். நிறத்தைப் பற்றி மட்டும் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "கொஞ்சம் கலரா வேணும்" என்று சொல்லும் விளம்பரதாரர்கள் இன்றும் உண்டு. அந்தச் சொல் நேர்காணல் அறைக்குள் ஒருமுறை புழங்கிவிட்டால், அதற்குப் பின் போடப்படும் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். பாராட்டுவதுபோல் பொடிவைத்துப் பேசுவதும் இதில் சேர்த்திதான், "கிராமத்திலிருந்து வந்தும் இவ்வளவு தைரியமா!" என்பது பாராட்டு ஆகாது.

திருநங்கைப் போட்டியாளர் வந்தால் மற்றவர்களுக்கு உள்ள அதே கேள்விகளே அவருக்கும். கூவாகம் திருவிழாவை ஒட்டி விழுப்புரம் பகுதியில் ஆண்டுதோறும் திருநங்கைகளுக்கான அழகிப் போட்டி நடக்கிற மாநிலத்தில் இருந்துகொண்டு, அவருடைய உடலைப் பற்றியோ பழைய பெயரைப் பற்றியோ கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஐந்தாம் படி: கேள்விகளை அமைத்தல்

வழிகாட்டியின் மையமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் பொதுவான மூன்று கேள்விகள், அவரவர் விண்ணப்பத்திலிருந்து எடுத்த இரண்டு கேள்விகள் என்று ஐந்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நிமிடத்துக்கு அதற்கு மேல் தேவைப்படாது. பொதுக் கேள்விகள் ஒரே சொற்களில், ஒரே வரிசையில் எல்லோரிடமும் கேட்கப்பட வேண்டும். அப்போதுதான் பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

கேள்விகள் போகும் வழி, வாழ்க்கையிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து கருத்துக்கு என்று இருக்கட்டும். எடுத்த எடுப்பில் "பெண்களின் முன்னேற்றம் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால், பேச்சுப்போட்டியில் மனப்பாடம் செய்த பத்தி ஒன்று வெளியே வரும், அதில் ஆள் இருக்க மாட்டார். 1994-ல் மணிலாவில் சுஷ்மிதா சென்னிடம் பெண்மையின் சாரம் என்னவென்று கேட்கப்பட்டதும், அவர் பதில் சொல்லி மிஸ் யுனிவர்ஸ் பட்டம் வென்றதும் எல்லோருக்கும் நினைவிருப்பதால், அப்படிப்பட்ட கேள்விதான் கேள்வி என்று நம் ஊர் நடுவர்கள் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது இறுதி மேடைக்கான கேள்வி; அதற்குமுன் அந்தப் போட்டியாளர்கள் மூடிய அறையில் நடுவர்களோடு தனித்தனியே உட்கார்ந்து தங்களைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் மேடைக்கு வருகிறார்கள். நாம் முதல் கட்டத்தை விட்டுவிட்டுக் கடைசிக் கட்டத்தை மட்டும் நகலெடுக்கிறோம்.

வாழ்க்கையிலிருந்து தொடங்குவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நான் இருந்த ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். புடவை கேட்லாக்குக்கான தேர்வு அது. இளம்பிள்ளையிலிருந்து வந்த பெண் உள்ளே வந்து வணக்கம் சொன்ன குரலே கூடம் முழுக்கக் கேட்டது. என் பக்கத்தில் இருந்த நடுவர் உடனே தாளில் "குரல் முரடு, நளினம் இல்லை" என்று எழுதிவிட்டார். விண்ணப்பத்தைப் பார்த்து நான் கேட்டேன்.

"வீட்ல தறி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எத்தனை தறிங்கம்மா?"

"நாலுங்க மேடம். விசைத்தறி."

"அதுல உங்க வேலை என்ன?"

"நூல் அறுந்தா பிணைப்பேங்க. ராத்திரிக்கு ஆள் வரலைன்னா நானே ஓட்டுவேன். தறிச் சத்தத்துல பேசிப் பேசி குரல் இப்படி ஆயிடுச்சுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க."

பக்கத்து நடுவரின் பேனா நின்றது. அடுத்ததாக எல்லோரிடமும் கேட்ட பொதுக் கேள்வியையே அவரிடமும் கேட்டோம்: "நீங்கள் கட்டியிருக்கும் புடவையை ஒரே ஒரு படத்தில் காட்ட வேண்டும் என்றால் எதைக் காட்டுவீர்கள்?" மற்றவர்கள் முந்தானை விரிப்பையும் இடுப்பில் கை வைத்து நிற்பதையும் சொல்லியிருந்தார்கள். இவர் முந்தானை நுனியைப் புரட்டி, மணிக்கட்டின் மேல் போட்டு, பின்பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். "இதைக் காட்டணுங்க. பின்னாடி தொங்குற நூலைச் சுத்தமா வெட்டியிருக்காங்களான்னு பார்த்தா புடவையோட தரம் தெரிஞ்சுடும். வாங்குறவங்க கடையில மொதல்ல அதைத்தான் பார்ப்பாங்க." கேட்லாக் வேலைக்கு வேண்டிய ஆள் அவர்தான் என்பதில் எங்கள் மூவருக்கும் அதன் பின் கருத்து வேறுபாடு வரவில்லை. குரலைப் பற்றி எழுதியதை நடுவர் அவராகவே அடித்தார்.

வேலைச் சூழலைப் பற்றிய கேள்விகளில் உண்மையாக நடக்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். "படப்பிடிப்பில், ஒப்பந்தத்தில் சொல்லாத ஓர் ஆடையை அணியச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்பது நான் எப்போதும் கேட்கும் கேள்வி. இதற்குச் சரியான பதில் ஒன்றுதான் என்று எண்ணாதீர்கள். மறுப்பேன் என்பவரும், காரணம் கேட்பேன் என்பவரும், அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்வேன் என்பவரும் நல்ல பதிலைத்தான் சொல்கிறார்கள். தன் வரம்பை அவர் யோசித்துவைத்திருக்கிறாரா என்பதே நாம் பார்க்க வேண்டியது. "மழை வந்து ஷூட் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால் அந்த நேரத்தை எப்படிக் கழிப்பீர்கள்?" என்ற சிறிய கேள்வியும் பொறுமையைப் பற்றி நிறையச் சொல்லும்.

கருத்துக் கேள்வியை அவருடைய ஊரை ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிக் குப்பை பற்றிப் பொதுவாகக் கேட்பதைவிட, "ஏற்காடு ஏரியைச் சுற்றி வருகிற சுற்றுலாப் பயணிகளிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டால், பதிலில் தாமாகப் பார்த்தது ஏதாவது வரும்.

வேடிக்கை காட்டச் சொல்லும் கேள்விகளை விட்டுவிடுங்கள். 2021-ல் மிஸ் யுனிவர்ஸ் வென்ற ஹர்னாஸ் சந்துவிடம் மேடையில் ஒரு விலங்கைப்போல் நடித்துக் காட்டச் சொன்னதும், அவர் பூனைபோல் கத்திக் காட்டியதும், அப்படிக் கேட்டிருக்க வேண்டுமா என்று பலரும் வருந்தியதும் நினைவிருக்கலாம். அவர் சமாளித்துவிட்டார். முதல்முறை நேர்காணலுக்கு வருகிற பத்தொன்பது வயதுப் பிள்ளையை அந்த நிலையில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

ஆறாம் படி: அறைக்குள் ஏழு நிமிடம்

போட்டியாளர் உள்ளே வந்ததும் மூன்று நடுவர்களும் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, அவரைப் பார்த்துப் பெயர் சொல்லி வணக்கம் சொல்ல வேண்டும். தண்ணீர் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். "காலையில் சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். இது மரியாதைக்கான கேள்வி மட்டுமன்று. ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று முந்தின நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்து வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். காத்திருக்கும் இடத்தில் இட்லியும் வாழைப்பழமும் வைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஒருவர் நின்று சொன்னால் பாதிப் பேருக்கு முகம் தெளிந்துவிடும். 2006-ல் உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸும் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டனும் உணவைக் குறைத்துக் குறைத்து உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் மாட்ரிட் ஆடைக் காட்சி, உயரத்தோடு எடையை ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறை குறியீடு 18-க்குக் கீழே உள்ளவர்களை மேடையேற்ற மறுத்தது. பிரான்சில் 2017 முதல் மாடல்கள் மருத்துவச் சான்று தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நம் மேசையில் எடைக் கேள்வியே வரக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முதல் கேள்வி அவருக்கு நிச்சயம் பதில் தெரிந்ததாக இருக்கட்டும். கேள்வியைக் கேட்டபின் மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அமைதியைத் தாங்க முடியாத நடுவர்தான் தாமே பதிலை எடுத்துக் கொடுத்து, போட்டியாளரை "ஆமாங்க" என்று மட்டும் சொல்லவைத்து அனுப்புகிறார். ஐந்து எண்ணியும் பதில் வராவிட்டால், கேள்வியை வேறு சொற்களில் ஒருமுறை கேளுங்கள். அதுவும் ஆகாவிட்டால் "பரவாயில்லை, இதற்குக் கடைசியில் வருவோம்" என்று அடுத்ததற்குப் போய்விட்டு, சொன்னபடி கடைசியில் திரும்பி வாருங்கள். பதில் ஒரு வரியில் நின்றுவிட்டால் "அது எப்போது நடந்தது?", "அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற இரண்டு துணைக் கேள்விகளே போதும். மனப்பாடப் பதில் இந்த இரண்டைத் தாண்டாது; உண்மைப் பதில் இவற்றில்தான் விரியும்.

தமிழைத் தேர்ந்தெடுத்தவர் நடுவில் இங்கிலீஷுக்கு மாற முயன்று தடுமாறினால், "தமிழ்லயே சொல்லுங்கம்மா, எங்களுக்கும் அதான் வசதி" என்று சொல்லி இழுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு இங்கிலீஷ் உண்மையிலேயே தேவை என்றால் அதை முதல் படியில் எழுதி, விண்ணப்பத்தில் அறிவித்து, தனியே மதிப்பிடுங்கள். மற்ற பதில்களின் மதிப்பெண்ணோடு கலக்காதீர்கள்.

கடைசி ஒரு நிமிடம் அவருடையது. "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்டுக் காத்திருங்கள். சம்பளம் எவ்வளவு, படங்களை எங்கெல்லாம் பயன்படுத்துவீர்கள், போர்ட்போலியோ என்னும் படத் தொகுப்புக்கு நான் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்கிறவரைத் துடுக்கு என்று நினைக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கில் அவர் தொழிலுக்குத் தயாரானவர். மாடலாக்குகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோகிறவர்களிடம் ஏமாறும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்கத் தெரிந்த பிள்ளை தப்பித்துக்கொள்ளும்.

ஏழாம் படி: மதிப்பெண்

எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே எழுதிவைத்த ஒன்று உண்டு: ஒருவரின் ஒரு குணம் நம்மைக் கவர்ந்துவிட்டால், தொடர்பில்லாத மற்றக் குணங்களுக்கும் நாம் தாராளமாக மதிப்பெண் போட்டுவிடுவோம். மாடலிங் போட்டியில் இந்தத் தவறு நடக்கும் வாய்ப்பு மற்ற எந்த நேர்காணலையும்விட அதிகம், ஏனென்றால் தோற்றமே கண்முன் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நேர்காணல் தாளில் தோற்றத்துக்கு மதிப்பெண் கட்டமே வைக்காதீர்கள். அதற்கு ராம்ப் சுற்றும் கேமரா சுற்றும் இருக்கின்றன.

கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொன்னது, சொந்த அனுபவத்திலிருந்து பேசியது, வேலைச் சூழலை யோசித்தது, பிறரை மதித்துப் பேசியது என்று நான்கு கட்டங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. எண்களுக்குப் பொருளை முன்னதாக எழுதிவையுங்கள். உதாரணமாக, சொந்த அனுபவம் என்ற கட்டத்தில், யாரும் சொல்லக்கூடிய பொதுப் பதிலுக்கு ஒன்று; தன் வாழ்க்கையைத் தொட்டும் விவரம் இல்லாமல் முடிந்த பதிலுக்கு மூன்று; இடம், நேரம், தான் செய்தது எல்லாம் தெளிவாக வந்த பதிலுக்கு ஐந்து.

ஒவ்வொரு நடுவரும் மற்றவரோடு பேசுவதற்கு முன் தம் தாளைப் பேனாவால் நிரப்பிக் கவிழ்த்துவைக்க வேண்டும். பேசிவிட்டு எழுதினால், அறையில் மூத்தவரின் மதிப்பெண்தான் மூன்று தாளிலும் இருக்கும். இரண்டு எண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்த கட்டங்களை மட்டும் இடைவேளையில் எடுத்து, எந்தப் பதிலைக் கேட்டு அந்த எண்ணைப் போட்டீர்கள் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். "எனக்கு அப்படித் தோன்றியது" என்பது காரணமாகாது. முதலில் வந்த இரண்டு பேரின் தாள்களை, ஆறு பேர் முடிந்ததும் மறுபடி எடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் நடுவர்களின் கை இறுகியிருக்கும்.

எட்டாம் படி: மேடைக் கேள்வி

இறுதிச் சுற்றில் கேட்கும் ஒற்றைக் கேள்விகளை ஒரே அளவு கடினமாக எழுதி, உறையில் போட்டு, போட்டியாளரே எடுக்கும்படி வையுங்கள். கேள்வி ஒரே வாக்கியமாக, ஒரே மூச்சில் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தமிழில் பதில் சொல்வதாகச் சொன்னவருக்குக் கேள்வியும் தமிழிலேயே அச்சாகியிருக்க வேண்டும். தொகுப்பாளர் மேடையில் நின்று மொழிபெயர்த்துத் தடுமாறக் கூடாது. தலையில் மைக் மாட்டாமல் கையில் கொடுப்பதாக இருந்தால், ஒத்திகையில் ஒவ்வொருவரும் ஒருமுறை பிடித்துப் பேசிப் பார்க்கட்டும். முப்பது வினாடி என்று சொன்னால் முப்பது வினாடியில் மணி அடியுங்கள், எல்லோருக்கும் அதே மணி.

ஒன்பதாம் படி: முடிந்த பிறகு

விண்ணப்பங்களில் முகவரியும் தொலைபேசி எண்ணும் படங்களும் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் எந்த நோக்கத்துக்கு ஒப்புக்கொண்டு விவரம் தந்தாரோ அந்த நோக்கத்துக்கே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. நடுவர் யாரும் போட்டியாளரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமிக்கக் கூடாது. தொடர்பு எல்லாம் அமைப்பாளரின் ஒரே எண்ணிலிருந்து போகட்டும். யாராவது நடுவர் தனியே அழைத்ததாகப் புகார் வந்தால், அந்த நடுவரை அன்றே விலக்கிவைத்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181 என்பதைக் காத்திருக்கும் கூடத்தில் பெரிதாக ஒட்டிவையுங்கள்.

தேர்வானவருக்கு ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுத்து, படித்துப் பார்க்க இரண்டு நாள் கொடுங்கள். தேர்வாகாதவர்களுக்கும் மூன்று நாளுக்குள் செய்தி போக வேண்டும். பொதுவான வருத்தக் கடிதத்தை அனுப்பாமல், மதிப்பெண் தாளைப் பார்த்து, அவர் சொன்ன பதில்களில் எது நன்றாக இருந்தது, எதில் இன்னும் விவரம் வேண்டியிருந்தது என்று அவர் தேர்ந்தெடுத்த மொழியில் இரண்டு வரி எழுதுங்கள். இருபத்து நான்கு பேருக்கு எழுத எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆகிறது. ஏற்காட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு அப்படி எழுதியபோது, பேருந்து விஷயத்தில் தவறு எங்களுடையது என்பதையும் சேர்த்து எழுதினேன். அடுத்த ஆண்டு அவர் மறுபடி விண்ணப்பித்தார். கடைசிப் பேருந்து என்ற கட்டத்தில் நேரத்தை எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டிருந்தார். அவரைத்தான் முதலில் கூப்பிட்டோம்.